நுணலும் தேரையும்



வயலைப் பாடும் இக்காலக் கவிதைகளில் மழை பெய்கிறது, தவளை கத்துகிறது, அத்துடன் அச்செய்தி முடிந்துவிடுகிறது. எந்தத் தவளை, எந்த மாதத்தில் என்று கேட்டால் பாட்டில் விடையில்லை. பழம்புலவர் அவ்வாறு விட்டுவிடவில்லை. ஐங்குறுநூற்றில் முல்லை பாடிய பேயனார், கார்காலத் தொடக்கத்தைச் சொல்லுமிடத்தில் நுணலையும் தேரையையும் தனித்தனியே சுட்டி, இரண்டின் ஒலிக்கும் வெவ்வேறு வினைச்சொல் அமைக்கிறார். காதால் பிரித்தறிந்தவர்க்கே இது கூடும்.

பழமொழி நானூறோ, நுணல் மணலுக்குள் மறைந்து கிடப்பதையும் தன் வாயாலேயே கெடுவதையும் உவமையாக்குகிறது. சொல்ல வந்தது அறம். அடியில் இருப்பதோ கண்ணால் கண்ட செய்தி. பின்னங்காலில் மண்வெட்டி போன்ற தடிப்புடைய சில தவளையினங்கள், பின்புறமாகவே மண்ணைத் தோண்டி இறங்கி வறண்ட மாதங்களைக் கழிக்கின்றன. மழை மண்ணை நனைத்ததும் மேலேறி வந்து, ஆண் துணையை அழைக்கிறது. அக்குரலைப் பெண் மட்டுமா கேட்கும்? பாம்பும் கேட்குமிடத்தில்தான் இருக்கிறது. (இலக்கணத்தாரும் தவளையை விட்டுவைக்கவில்லை, நன்னூலார் சூத்திர நிலை நான்கனுள் ஒன்றை அதன் பாய்ச்சலால் விளக்குகிறார்.)

காவிரிப் படுகையில் பருவத்தை வானம் மட்டும் வகுப்பதில்லை. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. குறுவைக்கு ஜூன் 12 அன்று நீர் திறப்பது மரபு, ஆண்டுதோறும் அது வாய்ப்பதில்லை. சித்திரையில் வெடித்துக் கிடந்த வயல் நீர் கண்டதும் குரல்கள் எழும். ஆயினும் பெருங்கச்சேரி ஐப்பசி அடைமழைக்கே உரியது. நல்ல மழைக்குப் பின் வயற்பெருந்தவளையின் ஆண் எலுமிச்சை மஞ்சளாகிவிடும்; தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் புடைக்கும். சில நாளில் அந்நிறம் மங்கிப்போகும். அந்நாளில் வரப்புக்குப் போகாதவர் அதைக் காண்பதில்லை.

இவ்வினத்தின் கால்களே வெளிநாட்டு உணவுமேசைக்குப் போயின. 1987இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்தது. பயிரின் பூச்சியைத் தின்று வாழ்ந்த உயிரைப் பிடித்து விற்றுவிட்டு, அதே பூச்சிக்கு மருந்தை விலைகொடுத்து வாங்கியது விந்தையான வணிகம். அம்மருந்து கலந்த நீர் தலைப்பிரட்டைக்கும் நஞ்சாகும்.

சாரைப்பாம்பைப் பற்றியும் ஒன்று. இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு தலைநிமிர்வதைச் சாரையும் நாகமும் பிணைவதாக ஊரார் சொல்வர். அவை பெரும்பாலும் இரு ஆண் சாரைகள். நடப்பது வலிமைப் போட்டி. சாரையும் நாகமும் இணைவதில்லை. காதலுக்கு அதை உவமையாக்கும் கவிஞர், போரைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுச் சுவரில் ஒட்டியிருப்பதை மக்கள் தேரை என்பர். மழைக்காலத்தில் அது தேங்கிய நீரின் விளிம்பில், தொட்டிச் சுவரில், வெண்ணுரையால் கூடு கட்டி முட்டையிடும். பொரித்த தலைப்பிரட்டைகள் நுரை கரைய நீரில் விழும். யாரோ துப்பிய எச்சில் என்றெண்ணி அந்நுரையைக் கழுவிவிடும் வீடுகள் உண்டு.