சட்டமாக மாறிய சொல்

ஒரு பேச்சாளருக்கு எது வெற்றி? கைத்தட்டலா? கூடிய கூட்டமா? பதுவை நகர்ப் புனித அந்தோணியாரின் வாழ்க்கை இதற்கு வேறொரு விடை சொல்கிறது.

1195ஆம் ஆண்டு வாக்கில் போர்த்துகலின் லிஸ்பன் நகரில் பிறந்தவர் அவர். இயற்பெயர் பெர்னாண்டோ. இளமையிலேயே அகுஸ்தினார் சபையில் சேர்ந்து, கொயிம்ரா மடத்தில் வேதநூலைக் கற்றார். மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் அங்கே கொண்டு வரப்பட்டன. மனம் உருகிய அவர், அந்த ஏழைத் துறவிகளின் சபைக்கே மாறி, அந்தோணி என்ற பெயரை ஏற்றார்.

தாமும் மொரோக்கோ சென்று உயிர் கொடுக்க விரும்பினார். ஆனால், அங்கே நோயில் விழுந்தார். திரும்பும் வழியில் புயல் அவரது கப்பலைச் சிசிலித் தீவில் ஒதுக்கியது. பிறகு, இத்தாலியில் ஒரு மலைமடத்தில் பேர் தெரியாத துறவியாக வாழ்ந்தார்.

1222இல் ஃபோர்லி நகரில் குருப்பட்டச் சடங்கு நடந்தது. அருளுரையாற்ற யாரும் ஆயத்தமாக வரவில்லை. “நீர் பேசும்” என்று மடத்துத் தலைவர் அந்தோணியாரைப் பணித்தார். தயங்கித் தொடங்கியவரின் பேச்சில் அவை சொக்கிப் போனது. அதன்பின் வட இத்தாலியிலும் தென் பிரான்சிலும் ஊர் ஊராகப் போதித்தார். சக துறவிகளுக்கு இறையியல் கற்பிக்கும் பொறுப்பைப் புனித பிரான்சிஸே அவருக்கு அளித்தார்.

1231ஆம் ஆண்டுத் தவக்காலம். பதுவையில் நாள்தோறும் போதித்தார். தேவாலயங்கள் கொள்ளாத கூட்டம் திறந்த வெளிக்கு நகர்ந்தது. அது கொடுவட்டி தலைவிரித்தாடிய காலம். கடனைக் கட்ட முடியாத ஏழைகள் சிறையில் வாடினார்கள். அவர்களுக்காக அந்தோணியார் நகர மன்றத்திடம் வாதாடினார்.

அந்த மார்ச் மாதமே சட்டம் பிறந்தது. கடன்பட்டவர் தம் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அவரைச் சிறையில் வைக்கக் கூடாது! அந்தோணியாரின் வேண்டுகோளால் இயற்றப்பட்டது என்று அந்தச் சட்டத்திலேயே பதிவாகியிருக்கிறது.

மூன்றே மாதங்களில், ஜூன் 13ஆம் நாள், அவர் மறைந்தார். ஓராண்டுகூட நிறையுமுன், 1232 மே 30இல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். 1946இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற சிறப்பும் சேர்ந்தது.

தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்று அவரை வேண்டுவோர் உலகெங்கும் உண்டு. பதுவையின் ஏழைகளுக்கோ, தொலைந்த விடுதலையையே அவர் மீட்டுத் தந்தார். கேட்டவர் காதோடு நின்றுவிடாமல், கேட்க முடியாமல் சிறையில் கிடந்தவருக்கும் பயன்பட்டதே, அதுதான் பேச்சு!