அசையாத போல்ட்டு: மிதிக்காதீங்க, யோசிங்க

(ஒலிப்பதிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு போல்ட்டைப் பத்தித்தான். நிறைய ஹாட்ச்பேக் கார்கள்ல பின் சக்கரத்துக்கு உள்பக்கமா, ஷாக் அப்சார்பரோட கீழ்முனையை ஆக்ஸிலோட சேர்த்துப் பிடிச்சிருக்குமே, அந்த போல்ட்டு.

புது ஷாக் வாங்கியாச்சு, வீடியோ பாத்தாச்சு, ஞாயித்துக்கிழமை காலைல அபார்ட்மென்ட் பார்க்கிங்ல உக்காந்தாச்சு. வீடியோல "இந்த போல்ட்டைக் கழட்டுங்க"ன்னு சொல்லி முடிக்க நாலு செகண்டு. இங்க மத்தியானம் ஆகியும் அசையல. திங்கக்கிழமை ஆபீஸ் போக கார் வேணும். அப்போ ஒரு கோவம் வரும் பாருங்க, ஸ்பேனர் மேல ஏறி மிதிக்கலாமான்னு. போல்ட்டு உடையுறது, கை கிழியுறது, கார் ஜாக்கிலேருந்து சரியுறது எல்லாம் பெரும்பாலும் அந்தக் கோவத்துக்கு அப்புறம்தான் நடக்கும்.

அதனால முதல்ல, அது ஏன் பிடிச்சுக்குதுன்னு பாத்துடலாம்.

துரு என்ன பண்ணுது?

இரும்பு துருப்பிடிச்சா கரைஞ்சு போகுதுன்னு நினைக்கிறோம். ஆனா துரு, அது உருவான இரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு இடத்தை அடைக்கும். ஈரம் சேர்ந்த துருன்னா இன்னும் அதிகம். போல்ட்டுக்கும் அது நுழைஞ்சிருக்குற ஓட்டைக்கும் நடுவுல இருக்குறது முடி அளவு இடைவெளி. அதுக்குள்ள துரு வீங்கினா, ஆப்பு வெச்சு அடிச்ச மாதிரி இறுகிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல உப்பு வேற. உப்பு கலந்த ஈரத்துல துரு இன்னும் வேகமா ஏறும்.

நம்ம ஷாக் போல்ட்டுல இன்னொரு சிக்கல் இருக்கு. ஷாக்கோட கீழ்முனையில ஒரு ரப்பர் புஷ், அதுக்குள்ள ஒரு இரும்புக் குழாய். போல்ட்டு அந்தக் குழாய் வழியா போகுது. துருப்பிடிக்கும்போது போல்ட்டும் குழாயும் ஒண்ணாயிடும். நீங்க திருகுவீங்க, கொஞ்சம் சுத்தும், "ஆஹா வருது"ன்னு கையை விட்டா திரும்பப் பழைய இடத்துக்கே போயிடும். அது மரை கழண்டு வர்றதில்ல. குழாயோட சேர்ந்து ரப்பர் முறுக்கிக்குது, அவ்ளோதான்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில போகவே கூடாது. தரை சமமா இருக்கணும், ஹேண்ட்பிரேக் போட்டு முன் சக்கரத்துக்குக் கட்டை வெக்கணும், ஜாக் ஸ்டாண்டு மேல காரை உக்கார வெக்கணும். பிடிச்சுப்போன போல்ட்டை இழுக்குறப்போ நாம காரையே பக்கவாட்டுல ஆட்டுறோம். சும்மா நிக்கும்போது விழாத கார், அப்போ விழும்.

இன்னொண்ணு, ஷாக்கைக் கழட்டினா ஆக்ஸில் கீழ தொங்கும், ஸ்பிரிங் வெளிய வந்துடலாம். அதனால ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் கழட்டுங்க. ஆக்ஸிலுக்கு அடியில இன்னொரு ஜாக்கி முட்டு கொடுத்திருக்கணும்.

வரிசை முக்கியம்

முதல் வேலை வெள்ளிக்கிழமை ராத்திரியே. வெளிய தெரியிற மரையைக் கம்பி பிரஷ்ஷால நல்லாத் தேய்ங்க. அந்த அழுக்கு வழியாத்தான் நட்டு கழண்டு வரணும், பாதியில அது மறுபடி மாட்டிக்கும். அப்புறம் துருவுக்குள்ள ஊடுருவுற எண்ணெயை அடிங்க. பலருக்குக் கைக்கு வர்றது டபிள்யூடி-40. 1953-ல அமெரிக்காவுல, சான் டியாகோவுல உருவானது. பேருக்கே ஈரத்தை வெளியேத்துறதுன்னுதான் அர்த்தம், 40-வது முயற்சியில கிடைச்சதால அந்த நம்பர். துருவை இளக்கறதுக்குன்னே தனியா விக்கிற ஸ்பிரே கிடைச்சா அது இன்னும் நல்லது. எதுவா இருந்தாலும் அஞ்சு நிமிஷத்துல வேலை செய்யாது. ராத்திரி ஒரு தடவை, காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எனக்குத் தெரிஞ்சு நாம குறைவா செலவழிக்கிறது எண்ணெய் இல்ல, நேரம். ஒரே கவனம், பிரேக் டிரம், டிஸ்க், பேடு மேல அது படக்கூடாது.

அடுத்து சுத்தியல். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்னு சொல்றது இங்க அப்படியே உண்மை. போல்ட்டோட தலையில, நேரா, நடுத்தரமா பல அடி. ஒவ்வொரு அதிர்வுலயும் துரு கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விடும், எண்ணெய் அந்த விரிசல்ல இறங்கும். மரை இருக்குற முனையில நேரடியா அடிக்காதீங்க, மரை நசுங்கிடும்.

அப்புறம் ஸ்பேனர். 12 முனை ரிங் வேண்டாம், 6 முனை சாக்கெட் போடுங்க. 12 முனை போல்ட்டோட மூலைகளைத்தான் அதிகம் பிடிக்கும், துருவுல தேஞ்ச தலைன்னா வழுக்கி மழுங்க வெச்சிடும். கைப்பிடி நீளமா இருக்கணும். 25 சென்டிமீட்டர் கைப்பிடியில 30 கிலோ அளவு விசை கொடுத்தா கிடைக்கிற முறுக்கு சுமார் 75 நியூட்டன் மீட்டர். அதே விசையை 75 சென்டிமீட்டர்ல கொடுத்தா 225. பலசாலியா இருக்கத் தேவையில்ல. ஆனா அதே கணக்குதான் போல்ட்டை உடைக்கவும் செய்யும், அதை மறக்காதீங்க.

முதல்ல கழட்டுற பக்கம் திருப்பாதீங்க. இறுக்குற பக்கமா ஒரு துளி. "டக்"னு ஒரு சத்தம் வந்தா துரு விட்டுடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் அரைச் சுத்து வெளிய, கால் சுத்து உள்ள, நடுவுல எண்ணெய். எதிர்ப்பு கூடுதுன்னு கைக்குத் தெரிஞ்சா உடனே பின்வாங்குங்க. எதிர்ப்பு திடீர்னு மெத்துனு ஆனா இன்னும் ஆபத்து, அது போல்ட்டு இழுபட்டு உடையப் போற அறிகுறியா இருக்கலாம்.

நெருப்பு வேண்டாம், இங்க வேண்டாம்

சூடு பண்ணினா வரும்னு எல்லா வீடியோவும் சொல்லும். சூடு வேலை செய்யும், பொய் இல்ல. வெளி உலோகம் விரிஞ்சு, துரு உடைஞ்சு, போல்ட்டு விடும். ஆனா இந்த போல்ட்டு இருக்குற இடத்தைப் பாருங்க. நிறைய கார்கள்ல பின் சீட்டுக்கு அடியில பெட்ரோல் டாங்க், பக்கத்துல பிரேக் ஹோஸ், டிக்கில சிஎன்ஜி சிலிண்டர் இருந்தாலும் இருக்கும். மேல எல்லாம் நீங்க அடிச்ச எண்ணெய், அதுவும் பத்திக்கும். சில பிரேக் கிளீனர்கள்ல குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கு, சூடு பட்டா ஃபாஸ்ஜீன்ங்கிற விஷ வாயு வரும். கிரைண்டர் பொறியும் இதே ரகம். பார்க்கிங்ல இதெல்லாம் செய்யாதீங்க.

எப்படியும் ஷாக்கை மாத்தத்தான் போறோம், பழைய புஷ்ஷைக் காப்பாத்த வேண்டியதில்ல. அதனால பொறி பறக்காத ஒரு வழி இருக்கு. கை ஹேக்ஸா பிளேடை புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல விட்டு, போல்ட்டையே ரெண்டு பக்கமும் அறுத்துடறது. கை வலிக்கும், ஆனா வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில கார்கள்ல நட்டு பிராக்கெட்டோட வெல்டு பண்ணியிருக்கும். அங்க அறுத்தா மரைக்குள்ள மாட்டின துண்டை எடுக்க பட்டறைக்குத்தான் போகணும். அதை முதல் நாளே குனிஞ்சு பாத்து வெச்சுக்கங்க.

எங்க நிறுத்தணும்?

நான் வெச்சிருக்குற விதி இது. தலை மழுங்க ஆரம்பிச்சா, மெத்துனு ஆனா, இல்ல கோவம் வந்தா, நிறுத்திடணும். நட்டைப் பழையபடி இறுக்கி, காரை இறக்கி, மெதுவா மெக்கானிக் அண்ணன்கிட்ட ஓட்டிட்டுப் போயிடலாம். முழு போல்ட்டோட போனா அவருக்குச் சின்ன வேலை. உடைஞ்ச போல்ட்டோட போனா டோயிங் வண்டி, வெல்டிங், அரை நாள் கூலி.

வெளிய வந்துடுச்சுன்னா பழசை மறுபடி போடாதீங்க. தலையில 8.8-னு இருந்தா புதுசும் அதே தரமோ அதுக்கு மேலயோ இருக்கணும். அந்த முதல் 8, 800 மெகாபாஸ்கல் இழுவலிமையைக் குறிக்குது. குழாய்க்குள்ள போற வழுவழு பகுதியில மட்டும் காப்பர் கிரீஸ் தடவுங்க. மரையில தடவினா அதே முறுக்குக்கு போல்ட்டு அதிகமா இழுபடும். கடைசி இறுக்கு, கார் எடை சக்கரத்துல இருக்கும்போதுதான். தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். எவ்ளோ முறுக்குன்னு உங்க கார் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்.

கிரீஸ் தடவ ரெண்டு நிமிஷம்தான் ஆகும். அடுத்த தடவை இதே போல்ட்டைக் கழட்டப் போறவர் நீங்களோ வேற ஒரு மெக்கானிக்கோ, யாரா இருந்தாலும் உங்களை வாழ்த்துவார்.

உங்க காருல எந்த போல்ட்டு அடம் பிடிக்குதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.