மலர்வளையம் வைக்க வராதவர்கள்

(நந்தனத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரும்பாலும் ஒரு தமிழறிஞர் பெயராலோ ஒரு வள்ளல் பெயராலோ நடக்கும். இது ஓர் அச்சுக்கோப்பாளரின் பெயரால் நடக்கிறது. ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுதியதை ஈய எழுத்துகளாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தவருக்குப் பிள்ளைகள் சேர்ந்து செய்திருக்கும் மரியாதை. ‘அரசியல் இருள் சூழ்ந்த காலத்தில் நம்பிக்கையும் துணிவும்’ என்று பொருள் கொடுத்தார்கள். துணிவைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம். குளிரூட்டப்பட்ட அரங்கில், முன்னால் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு, ‘இளைஞர்களே, அஞ்சாதீர்கள்’ என்று சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை. அதனால் அச்சுக்கோப்பாளர் பக்கமிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். புத்தகக் காட்சி நடக்கும் நாள்களில் அரசைத் திட்டுகிற நூலும் அரசைப் புகழ்கிற நூலும் அடுத்தடுத்த அரங்கில், ஒரே பத்து சதவீதக் கழிவில் கிடைக்கின்றன. மெட்ரோவில் வந்து இறங்கும் கல்லூரி மாணவருக்கு இது இயல்பான காட்சி. இதே ஊரில் ஒருவர் கைதானார் என்ற செய்தியைக்கூட அச்சிட முடியாத காலம் ஒன்று இருந்தது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதன் முழுச் சூடு உடனே தெரியவில்லை. ஆட்சியிலிருந்த தி.மு.க. அதை வெளிப்படையாகவே எதிர்த்தது. வடக்கே தேடப்பட்ட பலருக்குத் தமிழ்நாடு மூச்சுவிடும் இடமாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று, இதோ பக்கத்தில் தி. நகர் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் காமராஜர் காலமானார். இந்திரா காந்தியைப் பிரதமராக்கியதில் பெரும் பங்கு வகித்தவர், அவருடைய நெருக்கடி நிலை நாட்டைப் பிடித்திருக்கும்போதே கண்ணை மூடினார். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அன்றிரவிலிருந்தே மிசா சட்டத்தின்கீழ் கைதுகள்.

யாரைப் பிடித்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைப் பத்திரிகை எழுதக்கூடாது. எழுதினால் தணிக்கை அதிகாரி அடித்துவிடுவார். வெளியூரில் இருக்கும் தொண்டருக்குத் தன் மாவட்டச் செயலாளர் வீட்டில் இருக்கிறாரா, சிறையில் இருக்கிறாரா என்று தெரியாது. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். ஆண்டுதோறும் கட்சிக்காரர்கள் கடற்கரையில் அவர் நினைவிடத்துக்கு மலர்வளையத்தோடு போகும் நாள். அந்த நாளை ஒட்டிக் கட்சி நாளேடான ‘முரசொலி’ ஒரு பட்டியல் வெளியிட்டது: அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள். அதன்கீழ் வெறும் பெயர்கள்.

தணிக்கை அதிகாரியின் மேசையை நினைத்துப் பாருங்கள். கைது என்ற சொல் இல்லை, கண்டனம் இல்லை, ஆச்சரியக்குறி கூட இல்லை. அஞ்சலி செலுத்த ஒருவர் வரவில்லை என்பது எந்த விதிப்படி குற்றம்? வாசகருக்கோ ஒரு நொடி போதும். பெயரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பட்டியலை யோசித்தவர் கருணாநிதி. ஆனால் யாரோ ஒருவர் எழுத்துக் கேஸ் முன்னால் நின்றபடி, அந்தப் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோத்திருக்கிறார். இன்னொருவர் புரூஃப் பார்த்திருக்கிறார். ஒரு பெயரில் எழுத்து மாறினால் ஒரு குடும்பத்துக்குத் தவறான தகவல் போய்ச் சேரும். அவர்களுக்கு அது வீரச்செயலாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். வேலையைப் பிழையில்லாமல் செய்தார்கள்.

தி.மு.க.வைக் கிண்டல் செய்தே பெயர் வாங்கிய சோவும் இதே காலத்தில் இதே வேலையைத்தான் வேறு விதமாகச் செய்தார். அவருடைய ‘துக்ளக்’ இதழ் கறுப்பு அட்டையோடு வந்தது. 1951இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘சர்வாதிகாரி’ படத்துக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திடீரென விமர்சனம் எழுதினார். பழைய சினிமாவைப் பற்றி எழுதக்கூடாது என்று யார் சொல்ல முடியும்? ஒருவரையொருவர் சகிக்க முடியாத இரண்டு தரப்பும் ஒரே தணிக்கைக்காரரை ஏமாற்றிக்கொண்டிருந்தன என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நெருக்கடி நிலையை எதிர்த்ததாலேயே அந்த ஆட்சியின் மீதிருந்த புகார்கள் எல்லாம் கழுவப்பட்டுவிடா. அந்தப் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன் தனிக்கதை. நல்லவர்கள் மட்டும்தான் நல்லதைச் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் எந்த ஊரிலும் ஒன்றும் நடக்காது.

இனி சிறைக்குள் நடந்தது. சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலிருந்த மத்தியச் சிறையை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கைதிகளைப் புழலுக்கு மாற்றிய பிறகு, 2009இல் அதை இடித்துவிட்டார்கள். 1976 பிப்ரவரி தொடக்கத்தில் அங்கே மிசா கைதிகள் இரவில் அடித்து நொறுக்கப்பட்டார்கள். மு.க. ஸ்டாலின், ஆற்காடு வீராசாமி, முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு ஆகியோர் அடிபட்டவர்களில் சிலர். ஸ்டாலின் மேல் விழ வேண்டிய அடிகளைக் குறுக்கே விழுந்து தாங்கியவர் சிட்டிபாபு என்று கட்சியினர் இன்றும் சொல்கிறார்கள். உடல் நலம் கெட்ட சிட்டிபாபு, நெருக்கடி நிலை விலகும் முன்பே, 1977 ஜனவரியில் இறந்துபோனார். சிறையில் அவர் நாட்குறிப்பு எழுதியிருந்தார். அது பிறகு நூலாக வந்தது.

நாட்குறிப்பு எழுதும்போது யார் அதைப் படிப்பார் என்று நினைத்திருப்பார்? தேர்தல் வரும் என்றே யாருக்கும் தெரியாது. உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் பயனில்லை என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமே நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. மறுத்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னாவுக்கு அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி கைநழுவியது. இன்னும் வராத ஒரு வாசகருக்காகத்தான் இவர்கள் இருவரும் எழுதியிருக்கிறார்கள். நம்பிக்கை என்று எனக்குத் தெரிந்தது இதுதான். மனம் உற்சாகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

வாசகர் வரத்தான் செய்தார். 1977இல் நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் சிறைக் கொடுமைகளை விசாரிக்க ஆணையம் அமைந்தது. நாகூரில் பிறந்த இஸ்மாயிலை, மயிலாப்பூர்க்காரர்கள் நீதிபதியாக அறிந்ததைவிடக் கம்பராமாயணப் பேச்சாளராக அறிந்ததே அதிகம். கம்பனின் ஒரு சொல்லை எடுத்து, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, சாட்சி விசாரிப்பதுபோல் விசாரிப்பார். அதே பொறுமையோடு வார்டரையும் அதிகாரியையும் கைதியையும் கேட்டார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்ற அதிகாரிகளின் பேச்சை அவர் ஏற்கவில்லை. அடித்தது உண்மை என்று எழுதினார். பின்னால் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது தம்மைக் கேரளத்துக்கு மாற்றியதை ஏற்க மறுத்து, 1981இல் பதவியையே விட்டார். அதற்காக அவர் மேடை ஏறி முழங்கவில்லை. கம்பனிடம் திரும்பிப் போனார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக விழுங்கிவிடும் பகுதி ஒன்று உண்டு. 1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில்? மொத்தம் 39 இடங்களில் 34 காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்குப் போயின. அடி வாங்கியவர்கள், பட்டியல் போட்டவர்கள், எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியவர்கள் தோற்றார்கள். மக்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்வது சோம்பேறித்தனம். கலைந்த ஆட்சி மீது கோபம் இருந்தது, எம்.ஜி.ஆர். மீது பிரியம் இருந்தது, வடக்கே நடந்த கட்டாயக் கருத்தடைக் கொடுமை அந்த அளவுக்கு இங்கே தெரியவில்லை. எப்படியிருந்தாலும், குரல் கொடுத்தவருக்கு ஊர் உடனே மாலை போடும் என்ற கணக்கு 1977இலேயே பொய்த்துவிட்டது.

சில நேரம் குரல் கொடுக்க வேண்டியவராலேயே முடியாமல் போகும். ‘மாதொருபாகன்’ நாவலுக்காகத் திருச்செங்கோட்டில் கிளம்பிய எதிர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘சமாதான’ப் பேச்சுக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். அப்போது நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஒருவர் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன். ஒருவர் வாயடைக்கப்பட்டால் பக்கத்தில் இருப்பவர் வழக்குப் போடுகிறார். எனக்கு இது பெரிய ஆறுதல். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சில் எட்டிய முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவரை மீண்டும் எழுதச் சொல்லியே தீர்ப்பு முடிகிறது. மௌனமாக இருந்த மாதங்களில் அவர் எழுதிய கவிதைகள் அந்த ஆண்டே தொகுப்பாக வந்தன. தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘கோழையின் பாடல்கள்’. துணிவைப் பற்றி உபதேசம் செய்ய வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தலைப்பு ஒரு நல்ல குட்டு.

எல்லாக் கதையும் நீதிமன்றத்தில் முடிவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திரணகம, நண்பர்களோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதியவர். இலங்கை இராணுவம், இந்திய அமைதிப் படை, தமிழ் இயக்கங்கள் என யார் செய்த கொடுமையையும் விடாமல் பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 35. துணிவின் விலை என்ன என்று தெரியாமல் யாரும் யாரையும் தூண்டக்கூடாது. ஆனால் அவருடைய நண்பர்கள் ஊரைவிட்டு விலக நேர்ந்த பிறகும் அத்தகைய கொடுமைகளைப் பதிவு செய்யும் அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாணவர்களுக்காகக் கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் 1978இல் தன் அறிக்கைகளைத் தந்தது. 1980இல் இந்திரா மீண்டும் பிரதமரான பிறகு அவற்றின் படிகள் கண்ணில் படுவதே அரிதாயிற்று. அரசே திரும்பப் பெற்று அழித்தது என்ற குற்றச்சாட்டும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் மக்களவை உறுப்பினராக இருந்த இரா. செழியனிடம் ஒரு படி இருந்தது. நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. ஆரவாரமில்லாத, கணக்கும் புள்ளிவிவரமுமாகப் பேசுகிற மனிதர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, எண்பது வயதைத் தாண்டிய பிறகு, அந்தப் பக்கங்களை எடுத்துத் தொகுத்தார். 2010இல் சென்னையில் ஒரு பதிப்பகம் அதை ஒரே தொகுதியாக அச்சிட்டது. காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றானது.