மூச்சுக் கருவியும் நம் கைத் திருப்புளியும்



கடலடியில் நீந்துவோர் தம் சுவாசக் கருவியைத் தாமே பிரித்துச் செப்பனிடலாமா என்பது முக்குளிப்போரிடையே நெடுநாளாக நடந்துவரும் வழக்கு. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதனுடன் சேர, ஏழுமலையான் மாவட்டத்துக்குக் கடற்கரையும் வாய்த்தது. அது ஒருபுறமிருக்கட்டும். அதே வழக்கு இன்று நம் வீட்டினுள்ளேயே நுழைந்துவிட்டது. நுரையீரல் நோயுற்ற முதியவரின் கட்டிலருகே நிற்கும் பிராணவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரும் முக்குளிப்போரின் ரெகுலேட்டரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

2021ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இரவைத் திருப்பதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய பிராணவாயு லாரி தாமதித்தது. ருயா அரசு மருத்துவமனையின் குழாய்களில் அழுத்தம் குறைந்தது. கொரோனா நோயாளிகள் பதினொருவர் உயிரிழந்தனர் என்று மாவட்ட ஆட்சியர் அறிவித்தார். அங்கே பிழை ரெகுலேட்டரில் இல்லை; வரத்தில் இருந்தது. எனினும், அழுத்தம் சில நிமிடம் தாழ்ந்தால் என்ன நேரும் என்பதை ஊரே அன்று கண்டது. அப்பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய சிலிண்டர்களும் ரெகுலேட்டர்களும் பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. அவை பழையனவாகி, சில கசியவும் தொடங்கியிருக்கும். அப்போது வீட்டிலுள்ள இளைஞர் திருப்புளியை எடுக்கிறார்.

மருத்துவச் சிலிண்டரில் வாயு ஏறத்தாழ 150 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. முக்குளிப்போர் முதுகில் சுமப்பதிலோ 200 அளவில். இதை நேரே மூக்கில் விட இயலாது. ரெகுலேட்டருக்குள் ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும் ஒரு சிறு அடைப்பும் சேர்ந்து அந்த வேகத்தை அடக்குகின்றன. முக்குளிப்புக் கருவியை 1943இல் பிரான்சில் உருவாக்கியவர்கள் எமில் காஞான் என்னும் பொறியியலாளரும் ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் ஆவர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமையால் வாயுவைக் கொண்டு ஓட்டிய மோட்டார் வண்டிகளுக்கென்று காஞான் அமைத்திருந்த அடைப்பே அதற்கு மூலம். ஆக, இது மோட்டார் பட்டறையில் பிறந்த பிள்ளை. பட்டறைக்காரர் இதைக் கண்டு அஞ்சாததில் வியப்பில்லை.

தாமே செப்பனிடும் முக்குளிப்போரின் வாதத்தையும் நான் இகழமாட்டேன். உற்பத்தியாளர் பலர் உதிரிப் பாகங்களைத் தம் முகவருக்கன்றிப் பிறருக்கு விற்பதில்லை. பணம் வாங்கிச் செப்பனிடுபவரும் தவறக்கூடும். தன் உயிர் தொங்கும் கருவியைத் தன்னைவிடக் கவனமாக யார் பார்ப்பார் என்று அவர்கள் கேட்கிறார்கள். உற்பத்தியாளரின் கையேடும், இடைநிலை அழுத்தத்தை அளக்கும் மானியும், புதிய ரப்பர் வளையங்களும், முறையான பயிற்சியும் உடையவர் அவ்வாறு செய்வதை நான் மறுக்கவில்லை. மேலும், அக்கருவி பெரும்பாலும் பழுதானால் காற்றை நிறுத்துவதில்லை. மிகையாகக் கொட்டும்படியே அமைத்திருக்கிறார்கள். அருகில் துணைவர் ஒருவர் இருப்பார். அவரிடம் உபரி வாய்க்குழல் ஒன்றும் இருக்கும்.

கட்டிலில் உறங்கும் முதியவருக்கு இவற்றுள் எது உண்டு? கருவியைத் திறப்பவர் ஒருவர், மூச்சுவிடுபவர் மற்றொருவர். அன்றியும் முக்குளிப்போர் பொதுவாகச் சுவாசிப்பது அழுத்திய காற்று. வீட்டில் உள்ளதோ தூய பிராணவாயு. உயர் அழுத்தப் பிராணவாயுவில் ஒரு துளி எண்ணெய், சிறிது கிரீஸ், ஏன், கையில் ஒட்டிய தேங்காயெண்ணெய்கூடத் தீப்பற்றும். இறுகிய மறைக்கு எண்ணெய் விடுவது நம் வழக்கம். இங்கே அவ்வழக்கமே எமன். வெல்டிங் பட்டறைக்காரர் இதை அறிவார். ஆயினும் அவருடைய ரெகுலேட்டர் உலோகம் வெட்டுவதற்கென்று அமைந்தது, நோயாளிக்குப் பொருத்தத்தக்கதன்று. கசிவைத் தடுக்க நூல் சுற்றுவதும், சைக்கிள் கடை வாஷரைச் செருகுவதும் கூடா. சமையல் வாயுவுக்குச் சோப்பு நீர் தடவிப் பார்ப்போமே, அதுவும் இங்கே வேண்டாம். சோப்பிலும் கொழுப்பு உண்டு.

அப்படியாயின் வீட்டார் செய்யத்தக்கது யாது? உண்டு. கையைக் கழுவித் துடைத்து, வாயிலில் தூசு இல்லை என்று பார்த்துப் பொருத்தலாம். சிலிண்டரை மெல்லத் திறக்க வேண்டும். சடக்கெனத் திறந்தால் உள்ளே வாயு அமுங்கிச் சூடேறும். சீறும் ஒலி கேட்டால் மூடிவிட்டு, மாற்று ரெகுலேட்டரைப் பொருத்திப் பழையதை விற்றவரிடமே அனுப்ப வேண்டும். மாற்று ஒன்று வீட்டில் இருப்பது செப்பனிடும் திறமையைவிட மேல் என்பது என் கருத்து. நீர்ப்புட்டியை நாள்தோறும் கழுவி, மருத்துவர் சொன்ன நீரை நிரப்பலாம். மானியைப் படிக்கவும் கற்கலாம். 1,500 லிட்டர் கொண்ட சிறு சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். முள் பாதிக்கு வந்தால் 6 மணி நேரமே எஞ்சும். இரவு பத்து மணிக்கு முள் பாதியில் நின்றால் விடியுமுன் தீர்ந்துபோகும். கடை திறந்திருக்கும்போதே அடுத்த சிலிண்டருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கடைக்காரரிடம் தெலுங்கில் கேட்கத் தயங்கும் முதியவர்கள், அச்சொற்களைத் தாளில் எழுதிவைத்துக்கொள்வது நலம்.