அம்மா வேடமும் உழைப்புத்தான்

(மீமிசலில் நடந்த விவசாயத் தொழிலாளர் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் இன்று நடிகை எஸ்.என்.லட்சுமி அம்மாளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு தோழர் என்னை வழிமறித்துக் கேட்டார்: "உப்பளக் கூலிப் பிரச்சினை தலைக்கு மேல் நிற்கிறது. கண்மாயில் தண்ணீர் இல்லை. இந்த நேரத்தில் ஒரு சினிமாக்காரி கதை நமக்கு எதற்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நாற்று நடுகிறவளை நடவுக்காரி என்கிறோம். உப்பு வாருகிறவளை உப்பளக்காரி என்கிறோம். சினிமாவில் நடிக்கிறவள் சினிமாக்காரி. மூன்று பேரும் வேலைக்குப் போனால்தான் கூலி. கூப்பிடாவிட்டால் அன்றைக்கு அடுப்பு இல்லை. அப்படியானால் அவள் கதை நம் கதை இல்லாமல் யார் கதை?

விருதுநகர் பக்கத்தில் சென்னல்குடி என்று ஒரு கிராமம். அந்த ஊரில் பல பிள்ளைகள் பிறந்த ஏழை வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் லட்சுமி. பெயருக்கு முன்னால் நிற்கும் எஸ் என்ற எழுத்து அந்த ஊர்தான். சிறு வயதிலேயே நாடகத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் நாடகத்துக்குப் போகிற பெண்ணை ஊர் என்னவெல்லாம் சொல்லும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பசி எதைச் சொல்லும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

1948-ல் ஜெமினி ஸ்டூடியோவின் 'சந்திரலேகா' வந்தது. எஸ்.எஸ்.வாசன் எடுத்த படம். அதில் வரும் முரசு நடனம் இந்தியா முழுவதும் பேசப்பட்டது. பெரிய பெரிய முரசுகள். அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள். முரசுகளுக்குள்ளே மறைந்திருக்கும் வீரர்கள். படத்தின் நாயகி டி.ஆர்.ராஜகுமாரியை எல்லோருக்கும் தெரியும். முரசின் மேல் ஆடிய அத்தனை பெண்களில் ஒருத்தியின் பெயராவது யாருக்காவது தெரியுமா? அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் லட்சுமி. நூறு பேர் இறங்கி நட்ட வயலில் எந்த நாற்று எவள் கை நட்டது என்று யார் கேட்கிறார்கள்? விளைந்த நெல்லுக்கு மட்டும் பெயர் உண்டு.

கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவர் மேலே வந்தது நாயகியாக அல்ல, அம்மாவாக. 1964-ல் 'சர்வர் சுந்தரம்' வந்தது. கே.பாலசந்தர் எழுதிய கதை, கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ஷன். ஓட்டலில் தட்டு ஏந்தும் தொழிலாளி சினிமா நட்சத்திரமாகிறான். நாகேஷ்தான் அந்தச் சுந்தரம். அவனுடைய தாயாக நடித்தவர் லட்சுமி.

இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். நாகேஷ் பிறந்தது 1933-ல். லட்சுமி அவரைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். அக்காள் வயதில் இருக்கிறவருக்குத் தலையில் வெள்ளையடித்து, கூனிக் குறுகி நடக்கச் சொல்லி, தாய் ஆக்கிவிட்டார்கள்!

இது ஒருவருக்கு நேர்ந்தது அல்ல. பண்டரிபாயைப் பாருங்கள். 1952-ல் 'பராசக்தி'யில் அவர் சிவாஜி கணேசனுக்கு ஜோடி. பதினேழு வருஷம் கழித்து, 1969-ல் 'தெய்வ மகன்'. சிவாஜி அதில் மூன்று வேடம். தகப்பன் சிவாஜிக்கு மனைவி பண்டரிபாய். மகன் சிவாஜிக்கு ஜோடி ஜெயலலிதா! ஆணுக்கு வயது ஒட்டவே இல்லை. பெண்ணுக்கு மட்டும் ஒட்டிக் கொண்டது. 1968-ல் 'குடியிருந்த கோயில்'. 1917-ல் பிறந்த எம்.ஜி.ஆருக்கு, அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான அதே பண்டரிபாய் அம்மா!

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் மில்லில் என்ன நடக்கிறது? கை சுறுசுறுப்பாக இருக்கும் வரை பெண்ணை மெஷினில் நிறுத்துகிறான். கண் மங்கியதும் பஞ்சு கூட்ட அனுப்புகிறான். அதற்கப்புறம் வீட்டுக்கு அனுப்புகிறான். சினிமா முதலாளியும் அந்தக் கணக்கைத்தான் போட்டான். இளமையை விலைக்கு வாங்குகிறவனுக்கு உழைப்பாளியின் வயது ஒரு குற்றம்.

ஆனால் லட்சுமி அம்மாள் என்ன செய்தார்? கொடுத்த சின்ன வேடத்தை வைத்துக் கொண்டு சினிமாவில் அறுபது வருஷத்துக்கு மேல் நின்றார். 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கை நீளமுள்ள பாட்டியாக வந்து கொட்டகையைக் குலுங்க வைத்தார். 1994-ல் 'மகாநதி'யில் குடும்பம் நொறுங்குவதைப் பார்த்து நொறுங்கும் மாமியார். 2004-ல் 'விருமாண்டி'யில் கிராமத்துப் பாட்டி. அந்தப் பாட்டியின் பேச்சை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாம். அது அவர் பிறந்த மண்ணின் பேச்சு. 2012 பிப்ரவரி 20-ல் அவர் காலமானார். அவர் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. எத்தனையோ பேருக்குத் திரையில் தாயாக இருந்தவருக்கு வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லை.

சினிமாத் தொழிலாளிக்கு ஆதரவு தானாக வந்து விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாத்தியம் வாசித்தவனும், விளக்குப் பிடித்தவனும் கூலிக்காகக் கம்பெனி வாசலில் காத்துக் கிடந்த காலம் உண்டு. நம் தோழர் எம்.பி.சீனிவாசன் இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். வங்கத்திலிருந்து வந்த நிமாய் கோஷும் அவரும் பல பிரிவுத் தொழிலாளரையும் சம்மேளனமாகத் திரட்டப் பாடுபட்டார்கள். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தின் டைரக்டர் நிமாய் கோஷ், இசை எம்.பி.சீனிவாசன். கலைஞனும் கூலிக்காரன்தான் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். கலைஞனுக்கும் அதைக் காட்டினார்கள்.

இனி என் சொந்த விஷயம் ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் 'சர்வர் சுந்தரம்' பழைய படமாக வந்தது. என் ஆத்தா நடவு முடித்து, சேறு காயாத காலோடு என்னைக் கூட்டிப் போனாள். தரை டிக்கெட். மணலைக் குவித்து என்னை அதன் மேல் உட்கார வைத்தாள். படத்தில் தாய் சாகக் கிடக்கிறாள். மகனோ படப்பிடிப்பில் மாட்டிக் கொண்டிருக்கிறான். வேலை நிற்கக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். கொட்டகையே அழுதது. ஆத்தா அழவில்லை. திரும்பி நடக்கும்போது சொன்னாள்: "அவன் என்னப்பா செய்வான், வேலைக்குப் போனவன். ஆனா பக்கத்துல ஒரு பொம்பள இருந்து, அவ வாயில தண்ணி ஊத்தியிருக்கலாம்ல?"

பல வருஷம் கழித்து ஒரு மறியலில் எங்களைக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். என் போன் அணைந்து கிடந்தது. சாயங்காலம் விடுதலையாகி வெளியே வந்த பிறகுதான் சேதி தெரிந்தது. நான் வீட்டுக்குப் போனபோது ஆத்தாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. ஊர் உலகத்துத் தாய்மாருக்கெல்லாம் நியாயம் கேட்கப் போனவன், பெற்ற தாய்க்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லையே என்று குமைந்தேன். அப்போது எங்கள் தெருவில் உப்பு வாரும் ஒரு அக்காள் வந்து சொன்னாள்: "நான் ஊத்துனேன் தம்பி. தலை என் மடியிலதான் இருந்துச்சு." ஆத்தா கேட்ட பக்கத்துப் பொம்பளை அவள்தான். எங்களுக்கு ரத்த சொந்தம் கூடக் கிடையாது. அன்றைய கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

தோழர்களே! என் குற்றம் அதனால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. முழு நேர ஊழியன் என்ற பெயர் வீட்டுக் கடமையைத் தட்டிக் கழிக்கும் சீட்டு அல்ல என்பதை அன்றைக்குக் கற்றேன். இன்னொன்றும் கற்றேன். தாய்மை என்று மேடையில் புகழ்கிறோம். அதற்குப் பாட்டுப் பாடுகிறோம். திரையில் பார்த்து அழுகிறோம். ஆனால் நம் தெருவில் நடவுக்குப் போக முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் பெயர் நம் சங்கப் புத்தகத்தில் இருக்கிறதா? வேலைக்கு வருகிறவளின் பெயரைத்தான் எழுதுகிறோம். வேலை செய்து ஓய்ந்தவளை விட்டுவிடுகிறோம். நாமும் அந்தக் கம்பெனிக்காரன் கணக்கைத்தான் போடுகிறோமா?

ஆகவே இன்று இரவு ஒரு வேலை செய்வோம். முதியோர் உதவித் தொகைக்கு மனுப் போட்டும் கிடைக்காதவர்கள், மனுவே போடாதவர்கள், தனியாக இருக்கும் தாய்மார்கள், இவர்கள் பெயரையெல்லாம் தெருவாரியாக எழுதுவோம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்குச் சேதி சொல்ல வேண்டும் என்பதையும் அதே நோட்டில் எழுதுவோம். அந்த அக்காள் இங்கேதான் இருக்கிறாள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நோட்டு அவள் கையில் இருக்கட்டும். எழுதத் தெரியாது என்கிறாள். அவள் சொல்லட்டும், நான் எழுதுகிறேன்.