வண்டல் எழுதிய வரலாறு



மலைகள் சூழ்ந்த பள்ளம் ஒரு கிண்ணம் போன்றது. மழையும் பனியும் மலையை அரைக்கின்றன. ஓடைகள் அதனைக் கொணர்ந்து கிண்ணத்தில் இடுகின்றன. வாயில் அடைபட்டிருக்கும்வரை கிண்ணம் நிறையும். வாயில் திறந்தால் நிறைந்தது கரையும். இதற்குத் தக்க சான்று காஷ்மீரப் பள்ளத்தாக்கு.

ஏறத்தாழ 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பீர் பஞ்சால் மலைத்தொடர் உயரத் தொடங்கியபோது ஆறுகளின் வழி அடைபட்டது. பெரியதோர் ஏரி தோன்றிற்று. அதன் அடியில் களியும் மணலும் கூழாங்கற்களும் அடுக்கடுக்காய்ப் படிந்து, ஆயிரம் மீட்டருக்கும் மிகுந்த கனம் பெற்றன. இப்படிவுகளைக் ‘கரேவா’ என்பர். மீன், யானை முதலியவற்றின் எச்சங்கள் இவற்றுள் கிடைத்துள்ளன. மலை மேலும் உயர, கிடையாய்ப் படிந்த அடுக்குகள் சாய்ந்தன; ஏரி வடகிழக்கே ஒதுங்கிற்று. பின்னர் பாரமுல்லா அருகே ஜீலம் ஆறு வழி கண்டு வெளியேற, ஏரி வடிந்தது. மண்ணைக் கொணர்ந்து நிறைத்த நீரே, அதனை அரித்துச் செல்லும் நீராயிற்று. எஞ்சிய மேடுகளின்மேல் காற்று நுண்மண்ணைத் தூவிற்று. பாம்பூரின் குங்குமப்பூ மலர்வது அம்மேட்டு நிலத்திலேதான்.

ஏரி வடிந்த செய்தியை நீலமத புராணம் தொன்மமாகக் கூறுகிறது. 12-ஆம் நூற்றாண்டுக் கவிஞராகிய கல்கணர், இராஜதரங்கிணியில் பிறிதொரு செய்தி தருகிறார். 9-ஆம் நூற்றாண்டில், அவந்திவர்மன் ஆட்சியில், சரிந்த பாறைகள் ஆற்றை அடைத்தன. வெள்ளமும் பஞ்சமும் நாட்டை வாட்டின. சுய்யன் என்னும் அறிஞன் ஆற்றில் காசுகளை எறிந்தான். பசித்த மக்கள் காசு தேடிக் கற்களை அகற்றினர். ஆறு மீண்டும் ஓடிற்று. சோப்பூர் என்னும் ஊர்ப்பெயரில் அவன் பெயர் இன்றும் வாழ்கிறது.

வெள்ளம் இன்றும் ஓயவில்லை. 2014 செப்டம்பரில் ஸ்ரீநகர் நீரில் மூழ்கிற்று. மறுபுறம், இருப்புப்பாதைக்கும் கட்டடங்களுக்கும் செங்கற்களுக்குமாகக் கரேவா மண் வெட்டப்படுகிறது. படிவதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள். வாரிச் செல்வதற்கோ ஒரு பகல். சுய்யன் அகற்றியது ஆற்றை அடைத்த கல்லை; இன்று அகற்றப்படுவதோ உழவர்க்குச் சோறிடும் மண்ணை. இரண்டும் தோண்டுதலே எனினும் ஒன்றாகா.

ஆற்றின் துயரைக் கவிஞர் ஒருவர் பதிந்து வைத்தமையால் அன்றோ சுய்யனை உலகம் அறிந்தது! மண் இழப்பதையும் எவரேனும் பதிந்தாக வேண்டும். அது கவிஞர் கடன்.