வெயில் பொதுச் சொத்து, கூரை யாருடையது?

(திருப்பூர் நல்லூரில் பனியன் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். பகலெல்லாம் காட்டில் களை வெட்டிவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே நீட்டிப் பேசும் உத்தேசம் எனக்கில்லை. சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "நாம் குடியிருப்பது பத்துக்குப் பத்து ரூமில். இதில் சூரியனைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார். அந்தப் பத்துக்குப் பத்து ரூமிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டு ரூம். எட்டுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ். ரூமுக்கு ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் வீட்டுக்காரர் வசூல் செய்கிறார். ஒரு பேன், இரண்டு லைட், ஒரு டி.வி. ஓடுகிற ரூமில் இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் ஆகிறது என்று வையுங்கள். 630 ரூபாய். அதே குடும்பத்துக்குத் தனி சர்வீஸ் இருந்தால் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. ஏனென்றால் 2016-ம் ஆண்டிலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சர்க்கார் கொடுத்த இலவசம் கம்பி வழியாக வந்து, சப்-மீட்டருக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால், எட்டு ரூமும் ஒரே கணக்கில் சேருவதால் தனக்கு மேல்படி ரேட்டில் பில் வருகிறது என்கிறார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

அந்த வீட்டு மாடியில் இப்போது சோலார் தகடு ஏறிவிட்டது. மூன்று கிலோவாட். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஒரு கோடி வீடுகளுக்கு என்று அறிவித்த திட்டத்தின்படி 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு நாலு யூனிட் கொடுக்கும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்குக் குறையாது. எட்டு ரூமும் சேர்ந்து செலவழிப்பது 560 யூனிட். அதாவது அந்த லைன் வீட்டுக்குத் தேவையான அளவுக்கு மேலேயே மாடியில் விளைகிறது. சப்-மீட்டர் ரேட் என்ன ஆயிற்று? அதே 9 ரூபாய்!

அங்கே செக்கிங் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏனுங் தோழர், வெயிலுக்கும் அவிய காசு கட்றாங்களாங்க?"

தோழர்களே, இன்றைக்கு நான் பேச வந்தது முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள். தகடு போட சுமார் இரண்டு லட்சம் என்று வைத்தாலும், மானியம் போக அவர் கையிலிருந்து போட்டது ஒண்ணேகால் லட்சத்துக்குள். எட்டு ரூமிலிருந்து வருஷத்துக்கு வருவது முப்பதாயிரம். நாலு வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். தகடு 25 வருஷம் உழைக்கும். அந்த மானியம் யார் பணம்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற ஜனங்களுடைய பணம்.

சூரிய மின்சாரமே ஒரு ஏமாற்று வேலை என்று இதைக் கேட்டு யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அது மாபெரும் விஞ்ஞான சாதனை. பாய்லர் கிடையாது, நிலக்கரி கிடையாது, சுழலும் சக்கரம் கிடையாது. மணலிலிருந்து எடுக்கிற சிலிக்கனைச் சுத்தம் செய்து மெல்லிய வில்லையாக்கி, அதன்மேல் வெளிச்சம் பட்டால் உள்ளேயிருக்கிற எலெக்ட்ரான்கள் கிளம்பி ஓடுகின்றன. அந்த ஓட்டம்தான் கரண்ட். 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் இந்த சிலிக்கன் மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமாயிற்று. 1958-ல் அமெரிக்காவின் வான்கார்டிலும் சோவியத்தின் மூன்றாவது ஸ்புட்னிக்கிலும் ஏறி அது வானத்துக்குப் போயிற்று. அன்றைக்கு வானத்துக்கு மட்டுமே கட்டுப்படியான சரக்கு. இன்றைக்கு அது நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் கொடுக்கிறது. லைன் வீட்டு மாடிக்கு வந்துவிட்டது. 2023-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் சீனா இரண்டு லட்சம் மெகாவாட்டுக்கு மேல் தகடு போட்டது. 2025 தொடக்கத்தில் நம் தேசம் முழுவதிலும் சேர்ந்து ஒரு லட்சம் மெகாவாட் தாண்டியது. இனி வருகிற காலத்துக்கு முக்கியமான மின்சாரம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கரண்ட் என்பது கொங்குச் சீமைக்கு என்ன செய்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். 1932-ல் பைக்காராவில் தண்ணீரை மலையிலிருந்து இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். அந்தக் கரண்ட் வந்த பிறகுதான் கோவை ஜில்லாவில் மில்லுக்கு மேல் மில் எழுந்தது. கிணற்று மேட்டில் மாடு கட்டிக் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் வந்தது. அந்த பைக்காராவைக் கட்டியது யார்? வெள்ளைக்காரன் காலத்து சர்க்கார்தான், ஆனாலும் சர்க்கார். 1957-ல் மின்சார வாரியம் ஏற்பட்டு, லாபம் வருமா என்று பார்க்காமல் பட்டிதொட்டிக்கெல்லாம் கம்பி இழுத்தது. கட்டணம் ஏறியபோது ஜனங்கள் சும்மா இருக்கவும் இல்லை. இங்கேயிருந்து கூப்பிடு தூரம், பெருமாநல்லூர். 1970 ஜூன் 19-ந் தேதி மின் கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகள் மூன்று பேர் அங்கே துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். 1990-ல் விவசாயத்துக்கு வந்த இலவச மின்சாரம் தானாக வந்துவிடவில்லை.

கரண்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2012-ல் பார்த்தோம். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் கரண்ட் கட். டீசல் ஜெனரேட்டர் கட்டுப்படியாகாது என்று முதலாளி நிறுத்திவிடுவார். நமக்கு பீஸ் ரேட். மெஷின் நின்றால் கூலியும் நின்றது. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு யாரும் ஒரு காசு கொடுக்கவில்லை. கரண்ட் வந்ததும் ராத்திரி பதினொரு மணிக்குத் தையல். அதனால்தான் சொல்கிறேன், பகல் பூராவும் தடையில்லாமல் கிடைக்கிற மின்சாரம் நமக்கு விரோதி அல்ல.

அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் விவகாரம். தண்ணீர் மின்சாரம் சர்க்கார் வேலையாக வந்தது. சூரிய மின்சாரமோ பெரும்பாலும் தனியார் டெண்டராக வருகிறது. ராமநாதபுரம் ஜில்லா கமுதியைப் பாருங்கள். 2,500 ஏக்கர். 25 லட்சம் தகடுகள். 648 மெகாவாட். அதானி கம்பெனி 4,500 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுக் கட்டி, 2016-ல் ஆரம்பித்தது. அப்போது ஒரே இடத்தில் உலகிலேயே பெரியது என்று பத்திரிகைகள் எழுதின. கட்டுகிறபோது 8,500 பேருக்கு வேலை. எட்டு மாதத்தில் கட்டி முடித்தார்கள். அப்புறம்? தகடு துடைப்பதைக்கூட இயந்திரம் செய்கிறது. அத்தனை ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தால் ஆடு மேயும், சுள்ளி பொறுக்கலாம், கரி மூட்டம் போடலாம். பட்டா இல்லாதவன் பிழைப்பு அது. நிலத்தின் விலையைப் பட்டாக்காரர் வாங்கிக்கொள்வார். மேய்த்தவனுக்கு எந்த ஒப்பந்தத்தில் இடம்?

விலையையும் கேளுங்கள். 2015-ல் கமுதிக்கு ராஜ்ய மின்சார ஸ்தாபனம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. 25 வருஷ ஒப்பந்தம். 2017 மே மாதம் ராஜஸ்தானத்து பட்லாவில் ஏலம் விட்டபோது விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2020-ல் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு! வெயில் இரண்டு வருஷத்தில் மாறிவிடவில்லை. தகட்டின் விலை சரிந்தது. விலை சரிந்துகொண்டிருக்கிற சாமானுக்கு இருபத்தைந்து வருஷ விலையை முன்னாலேயே எழுதிக்கொடுத்தால் அதன் சுமை எங்கே போய் விழும்? 2022 செப்டம்பரில் கட்டணத்தை ஏற்றினார்கள், அதற்குப் பிறகும் ஏற்றினார்கள். விசைத்தறிக்காரரும் சிறு கம்பெனிக்காரரும் தெருவுக்கு வந்தார்கள். தன் கூரையில் தானே விளைவிக்கிற மின்சாரத்துக்கும் யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் நெட்வொர்க் கட்டணமா என்று சிறு முதலாளிகள் போராடியதும், 2023-ல் அதைப் பாதியாகக் குறைத்ததும் நமக்குத் தெரியும். அந்தப் போராட்டத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. குறைந்த காசில் நம் பீஸ் ரேட்டுக்கு ஏதாவது வந்ததா என்று நாமும் அவர்களைக் கேட்கலாம், தப்பில்லை.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சோலார் பம்பு செட்டுக்கு விலையில் பாதிக்கு மேல் மானியம் உண்டு. நல்ல விஷயம். ஆனால் மானியம் வாங்கக் கிணறு வேண்டும், கிணற்றுக்கு நிலம் வேண்டும். கூலிக்காரனுக்குக் கிணறு ஏது? இன்னொன்று. பகல் பூராவும் செலவில்லாமல் ஓடுகிற மோட்டார் பகல் பூராவும் தண்ணீரை உறிஞ்சும். நம் பக்கத்துப் போர்க்குழிகள் ஏற்கெனவே பாதாளத்துக்குப் போய்விட்டன. தண்ணீர் வற்றினால் முதலில் வேலை போவது உங்களுக்குத்தான், தோப்புக்காரருக்கு அல்ல. உபரி மின்சாரத்தை வாரியம் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டால் மோட்டாரை நிறுத்துவதிலும் விவசாயிக்கு ஆதாயம் இருக்கும். அந்த ஏற்பாட்டுக்காக அவர்களோடு சேர்ந்து நாமும் குரல் கொடுக்க வேண்டும்.

"ராத்திரி சூரியன் ஏது?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. உச்ச வெயிலில் கரண்ட் மிஞ்சுகிறது. சாயங்காலம் எல்லோரும் லைட் போடுகிற நேரத்தில் தகடு தூங்கிவிடுகிறது. பாட்டரியில் சேர்க்கலாம், விலையும் இறங்கி வருகிறது. ஆனால் பாட்டரியைச் சில வருஷத்தில் மாற்ற வேண்டும். மாற்ற ஆள் இல்லாத ஊரில் அது வெறும் பெட்டி. அதைவிடப் பழைய வழி ஒன்று ஆனைமலையிலேயே இருக்கிறது. காடம்பாறை. மிஞ்சுகிற கரண்டில் கீழே மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மலை மேலே ஏற்றிவிடுகிறார்கள். தேவைப்படும்போது திறந்துவிட்டு 400 மெகாவாட் எடுக்கிறார்கள். 1980-களின் கடைசியில் மின்சார வாரியம் கட்டியது. மலையைக் குடைந்து உள்ளே அமைத்த நிலையம் அது. சூரியனை ராத்திரிக்குச் சேமித்து வைக்க இப்படி இன்னும் பல வேண்டும். பல வருஷம் பிடிக்கிற, உடனே லாபம் தராத இந்த மாதிரி வேலையை சர்க்கார்தான் முன்னின்று செய்ய வேண்டியிருக்கிறது. தகட்டின் லாபம் தனியாருக்கு, ராத்திரிக் கவலை வாரியத்துக்கு என்று பிரித்துக்கொண்டால் வாரியம் கடனில் முழுகாமல் என்ன செய்யும்?

கூரை இல்லாதவனுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை என்று ஒரு பஞ்சாயத்து. 2006-ல் அவர்கள் ஒண்ணரைக் கோடி ரூபாய்க்கு மேல், பெரும்பகுதி பேங்குக் கடனாக வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கினார்கள். காற்று ஓடந்துறையில் இல்லை. ஆலையை நம் ஜில்லா உடுமலைப் பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். தெருவிளக்குக்கும் குடிதண்ணீர் மோட்டாருக்கும் ஆகிற கரண்ட் அதில் கழிந்தது. மிச்சத்தை வாரியத்துக்கு விற்றார்கள். கடனும் அடைந்தது. கோடீசுவரர் யாரும் இதில் இல்லை, ஒரு கிராமப் பஞ்சாயத்து. காற்றில் முடிந்தது வெயிலில் முடியாதா?

ஓடந்துறைக்கு மைவாடியில் விளைந்த மாதிரி, ஒரு இடத்தில் விளைகிற மின்சாரத்தை வேறிடத்தில் இருக்கிற பல மீட்டருக்குக் கணக்கில் வரவு வைக்கிற முறை ஒன்றும் இருக்கிறது. டில்லியில் 2019-லேயே அதற்கு விதிமுறை செய்துவிட்டார்கள். நல்லூர் இன்றைக்குத் திருப்பூர் மாநகராட்சிக்குள். மாநகராட்சிக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, மார்க்கெட் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே வெறும் கூரை வெயிலில் காய்கிறது. அதில் தகடு போட்டு, லைன் வீட்டுக் குடும்பங்களின் பேரில் வரவு வை என்று கேட்பது ஆகாயத்தைக் கேட்பதாகாது. ஆனால் பேரில் வரவு வைக்க பேரில் மீட்டர் வேண்டும். ஆகவே முதல் கோரிக்கை ரூமுக்கு ஒரு தனி சர்வீஸ். அது கிடைக்கிற வரை, சப்-மீட்டரில் வாரியத்தின் ரேட்டுக்கு மேல் ஒரு காசும் வாங்கக்கூடாது. மானியம் வாங்கிய கூரையானால் அதன் கீழே குடியிருப்பவருக்கும் அதில் பங்கு எழுத வேண்டும்.

இதைக் கேட்கப் போகிறபோது வெறுங்கையோடு போக முடியாது. எத்தனை லைன் வீடு, எத்தனை ரூம், எத்தனை சப்-மீட்டர், என்ன ரேட் என்று கணக்கு வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு யூனியன் ஆபீசிலிருந்து நாலு கோஷ்டியாகப் புறப்படுகிறோம். நோட்டும் பேனாவும் நாங்கள் கொண்டுவருகிறோம். கடைசியாகக் கரண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை யூனிட்டுக்கு என்பதை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி பண்ணச் சொல்லுவாரோ என்று பயப்படுகிறவர்கள் பேர் எழுத வேண்டாம். ரூம் எண்ணிக்கையும் ரேட்டும் போதும். செக்கிங் வேலை பார்க்கிற அந்த அம்மா முதல் கோஷ்டியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.